காணாமல் போன பன்னிரண்டு குதிரை

நான் முதலாளிக்கு நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தேன். வாங்கித் தின்ற கடன் இல்லை. பத்தொன்பது வயதில், வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம், ஒரு காரின் கியர் பாக்ஸைக் கழுவி மாட்டிவிட்டு எண்ணெய் ஊற்ற மறந்தேன். வண்டி தெருவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இறுகி நின்றது. புதுப் பெட்டியின் விலையை முதலாளி என் தலையில் எழுதினார்.

அப்புறம் ஏழு வருடம். என் லைசன்ஸ் அவர் பீரோவுக்குள். என் படுக்கை பட்டறைக்கு மேல், டயர் அடுக்கிய பரணில். எழுந்து உட்கார்ந்தால் தகரம் உச்சந்தலையில் இடிக்கும். சம்பளத்தில் சாப்பாடு, வாடகை, உடைந்த போல்ட் என்று பிடித்தது போக மிச்சம்தான் கடனுக்குக் கழியும். எட்டாம் வகுப்பைத் தாண்டாத நான், நாசமாக்கிய அந்தக் கியர் பாக்ஸை நூறு தடவை பிரித்துப் பூட்டிப் பார்த்தேன். பல்சக்கரம் என்னைப்போல் தெரிந்தவன் அந்தத் தெருவில் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

ஒருவழியாக ஆறாயிரம் பாக்கி என்ற நிலைக்கு வந்தது. ஒரு பல் டாக்டரின் காருக்கு எஞ்சின் கட்டினால் என் பங்கு அதே ஆறாயிரம். கட்டினேன். மறுநாள் டாக்டர் ஒரு சீட்டோடு வந்தார்.

"தெருமுனையில, வண்டியோட சக்தியை அளக்குற ரோலர் மெஷின்ல ஏத்திப் பாத்தேன். சக்கரத்துல நூத்திப் பதினெட்டுக் குதிரைசக்திதான் வருது. என் தம்பி வண்டியும் இதே எஞ்சின், நீங்க கட்டினதுதான். அதுல நூத்தி முப்பது. என்னோட பன்னெண்டு குதிரை எங்கப்பா?"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "பழைய பிஸ்டனைப் போட்டு மூடிட்டியா? திரும்பப் பிரிச்சுக் கட்டு. செலவு உன் கணக்குல."

இருபதாயிரம் ஆகும். இன்னும் நான்கு வருடம் அந்தத் தகரத்துக்குக் கீழே. என் வாய் அடங்கவில்லை.

"சார், தம்பி வண்டியில முன்சக்கரம் மட்டும் இழுக்கும். உங்களோடதுல நாலும் இழுக்கும். எஞ்சின் குடுக்குறது ஒண்ணுதான். பின்னாடி போற வழியில ஒவ்வொரு பல்லும் தன் பங்கைத் தின்னுட்டுத்தான் அடுத்ததுக்கு விடும். என் சம்பளம் மாதிரி."

"வாயாலேயே வண்டி ஓட்டுவான்," என்றார் முதலாளி.

"மெஷினுக்கு வாங்க. தப்புன்னா நாலு இல்ல, எட்டு வருஷம் எழுதிக்குங்க."

மெஷினில் மறுபடி அதே நூற்றுப் பதினெட்டு. வண்டியை ஜாக்கியில் தூக்கி, பின் அச்சின் நடுவில் இருக்கும் பெட்டியைக் காட்டினேன். "தொடுங்க சார்." டாக்டர் கை வைத்தார், வைத்த வேகத்தில் எடுத்து ஊதிக்கொண்டார்.

"உங்க குதிரை சூடாப் போயிட்டிருக்கு."

பின்னால் போகும் நீள ஷாஃப்ட்டைக் கழற்றினேன். இப்போது முன்சக்கரம் மட்டும் ஓடியது. மெஷின் நூற்றிருபத்தேழு காட்டியது.

"இன்னும் மூணு?" முதலாளி விடவில்லை.

"இழுவையைப் பின்பக்கம் திருப்பி விடுற பெட்டி கியர் பாக்ஸோட ஒட்டியிருக்கு. அது இன்னும் சுத்துதே. அதையும் தொட்டுப் பாக்குறீங்களா சார்?"

டாக்டர் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். "வேணாம்பா. நம்புறேன்."

"சேத்துல தம்பி மாட்டிக்கிட்டு நிக்கும்போது நீங்க போய்க்கிட்டே இருப்பீங்க. அதுக்குக் குடுக்குற கூலி அது."

ஷாஃப்ட்டைத் திரும்ப மாட்டிக் கொடுத்தேன். பட்டறைக்குத் திரும்பியதும் டாக்டர் முழுப் பணத்தையும் முதலாளியிடம் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். "உன் ஆறாயிரத்தைக் கழிச்சு எழுதிடுறேன்டா."

"எழுத வேண்டாம் முதலாளி. என் கையில குடுங்க. லைசன்ஸையும் எடுத்து வைங்க."

முறைத்துக்கொண்டே இரண்டையும் வைத்தார். லைசன்ஸைச் சட்டைப்பையில் போட்டேன்.

"இப்ப கையை நீட்டுங்க."

நீட்டினார். பன்னிரண்டு ஐந்நூறு நோட்டுகளை, அவசரப்படாமல், ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் எண்ணி வைத்தேன்.