அண்ணியின் கையுறை

எங்கள் வீட்டில் அண்ணியைப் போல எதற்கும் பயப்படுகிறவர் வேறு யாரும் இல்லை, என்னைத் தவிர. இந்த ஊருக்கு வந்தபின் நாங்கள் இருவரும் ரெயின்கோட் செய்யும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் மடித்துக் கட்டும் பகுதி, அண்ணி ஒட்டும் பகுதி. மெத்தென்ற பிளாஸ்டிக் தாளைச் சூடேறிய இரும்புக் கட்டைக்கு அடியில் வைத்து அழுத்தி ஒட்டுவது அவர் வேலை. கோட்டின் தோள் இணைப்பை ஒட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மற்றவர்கள் வெறுங்கையோடு வேலை செய்வார்கள். அண்ணி மட்டும் காலையில் கையுறை மாட்டினால் மாலையில்தான் கழற்றுவார். இடைவேளையில் எல்லோரும் குழாயடியில் சோப்புக்கு முட்டிமோத, இவர் உட்கார்ந்த இடத்திலேயே ஆரஞ்சுப் பழத்தை உரிப்பார்.

"மகாராணி கை கழுவ மாட்டாங்களோ?" என்பார்கள்.

"உறைக்குள்ள இருக்கிற கையை எதுக்குடி கழுவணும்?"

இரண்டு முறை கரு தங்காமல் போய், மூன்றாவது முறை அண்ணி உண்டானார். அந்தச் சமயத்தில்தான் பட்டறைக்கு வரும் நர்ஸம்மா எல்லோரிடமும் சிறுநீர் வாங்கிச் சோதனைக்கு அனுப்பினார். பிளாஸ்டிக்கை வளைய வைக்கக் கலக்கிறார்களே, அந்த ரசாயனம் உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க. பட்டறையிலேயே அதிகம் அண்ணிக்குத்தான் இருந்தது.

"உள்ள இருக்கிற உயிருக்கு என்னம்மா ஆகும்?"

"அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. குறைஞ்சா நல்லது. அடுத்த தடவையும் குறையலைன்னா இந்த வேலை உங்களுக்கு வேண்டாம்."

வந்த ஊரில் இன்னொரு வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனால் அண்ணி வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வயிற்றில் கையை வைப்பார், சட்டென்று எடுத்துவிடுவார். தொட்டால்கூட ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம்.

மறுநாள் இடைவேளையில் நர்ஸம்மா வந்து எதிரே உட்கார்ந்தார். அண்ணி வழக்கம்போலப் பழத்தை எடுத்தார்.

"இருங்க, இருங்க. அந்தக் கையுறை எதால செஞ்சது?"

அண்ணி உறையின் விரலை இழுத்துப் பார்த்தார். பிறகு பக்கத்தில் கிடந்த கோட்டின் கையை இழுத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி நீண்டன.

"அட பாவமே! ரெண்டும் ஒரே சரக்கா?"

"இந்த மாதிரி உறையிலயும் அதே சேர்மானம் இருக்கலாம். மேல கோட்டோட பிசுக்கு, உள்ள நாள் முழுக்க வேர்வை. அதோடயே பழத்தையும் உரிக்கிறீங்க."

என் பக்கத்தில் இருந்தவள் சும்மா இருப்பாளா? "அப்போ வெறுங்கையோட கிடந்த நாங்கதான் தப்பிச்சோமா?"

"நீங்க சாப்பிடுறதுக்கு முன்னாடி கழுவினீங்களே."

நர்ஸம்மா வேறு வகைக் கையுறை கொடுத்தார். அதையும் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவியபிறகுதான் வாயில் எதையும் வைக்க வேண்டும் என்றார். அன்றிலிருந்து குழாயடியில் முதல் ஆள் அண்ணி. வீட்டிலும் விடவில்லை. லாரி ஓட்டிவிட்டு வந்த அண்ணனை வாசலிலேயே மறித்தார்.

"நான் ஸ்டியரிங்கைத்தானே பிடிக்கிறேன், எனக்கு எதுக்குடி?"

"அது மட்டும் என்ன மரமா? போய்க் கழுவுங்க!"

என் பங்குக்கு நானும் பயந்தேன், அந்தச் சோப்பில் என்னென்ன இருக்கிறதோ என்று. வாசனையில்லாததாகத் தேடி வாங்கிவந்தேன். "உன்கிட்ட நான் தோத்தேன்," என்றார் அண்ணி.

மறுசோதனை முடிவு பட்டறை ஃபோனுக்கு வந்தது. அண்ணி ரிசீவரை என் கையில் திணித்தார்.

"நீயே கேளு. எனக்குக் காது அடைக்குது."

கேட்டேன். "நல்லாக் குறைஞ்சிருக்காம் அண்ணி! இப்போ மத்தவங்க அளவுதானாம். வேலையை விட வேண்டாம்னு சொல்றாங்க!"

அண்ணி பிளாஸ்டிக் சுருள்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு ஃபோனை வாங்கி அண்ணனுடைய செல்லுக்குக் கூப்பிட்டார். சேதியைச் சொன்னார், மறுமுனையில் வந்த சத்தத்தைக் கேட்டார், மறுபடி கேட்டார்.

"லாரியை ஓரங்கட்டிட்டு அழறாருடி," என்றார் என்னிடம். "நானே அழாம இருக்கேன், இந்த மனுஷனுக்கு என்ன வந்துச்சு?"

சொல்லும்போதே அவர் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.