கடைசி பிரேம் காதர் பாய்

“...ஏன்னா தம்பி, கல்யாணம்னு ஒண்ணு இருக்குற வரைக்கும் ரோலு இருக்கும். ரோலு இருக்குற வரைக்கும் நான் இருப்பேன்” என்று சொல்லிக்கொண்டே எங்கள் முதலாளி காதர் பாய் பேனா மூடியைக் கழற்றினார்.

மேஜையில் அக்ரிமென்ட் விரித்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் திண்டுக்கல் பேகம்பூரில் இருந்த அவருடைய வீட்டுப் பத்திரம். புது பிரிண்டிங் மெஷின் ஒன்று எடுப்பதாகவும், அதற்காக வீட்டைப் பேங்கில் வைப்பதாகவும், ஐந்து வருஷத்துக்கு அந்த மெஷின் கம்பெனியின் பிலிம் ரோலையும் போட்டோ பேப்பரையும் மட்டுமே வாங்குவதாகவும் பாய் கையெழுத்துப் போட வேண்டும். எதிரில் அந்தக் கம்பெனிக்காகச் சரக்கு விற்க வரும் ரெப் முரளி. கோயம்புத்தூர்க்காரர், வாய் நிறைய ‘ங்க’. நான் போட்டோ லேப் ஆபரேட்டர், பெயர் சேவியர். டெலிவரி கவுண்டரில் ஜெசிந்தா.

அந்தக் கையெழுத்தின் கதையைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் எங்கள் லேப் எப்படி ஓடியது என்று தெரியாவிட்டால் அது புரியாது.

1. சூடும் கூட்டமும்

நான் சேர்ந்த முதல் நாளே பாய் என்னை மெஷின் முன்னால் நிறுத்தினார். “கெமிக்கலும் பிரியாணியும் ஒண்ணுதான்டா சேவியரு. சூடு செத்த மாறினாலும் ஊரே கண்டுபிடிச்சிரும்” என்றார். அப்போது சிரித்தேன். இரண்டாவது வாரமே டெவலப்பர் கெமிக்கலின் சூட்டைக் கவனிக்காமல் விட்டு, வடமதுரைக் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளையை மாம்பழக் கலரில் பிரிண்ட் போட்டேன். பெண்ணின் மாமா வந்து, “ஏப்பா, எங்க மாப்பிள்ளைக்கு மஞ்சக்காமாலையா? வீட்டுல எல்லாரும் பயந்துட்டாகப்பா” என்று கேட்டார். அதற்கப்புறம் தெர்மாமீட்டரைப் பார்க்காமல் ஒரு ரோலையும் உள்ளே விட்டதில்லை.

அதற்கு முன்பெல்லாம் கலர் ரோல் மெட்ராசுக்குப் போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். நாங்கள் ஒரு மணி நேரத்தில் கொடுத்தோம். முகூர்த்த நாள் என்றால் மறுநாள் காலையில் கவுண்டரில் நிற்க இடமிருக்காது. குஜிலியம்பாறை ஸ்டுடியோக்காரர் முதல் பஸ்ஸில் ரோல்களை வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டு வருவார். “பையில வச்சா எவனாச்சும் வெயில்ல வச்சிருவான். இடுப்புல இருந்தா என் சூடுதான்” என்பார்.

கம்பெனிகளுக்கும் அது கொண்டாட்டக் காலம். கம்பெனிப் பெயரெல்லாம் நாங்கள் சொல்ல மாட்டோம், டப்பாக் கலர்தான். மஞ்சள் டப்பா ரெப் சுவர்க்கடிகாரம் தந்தால் மறுவாரம் பச்சை டப்பா ரெப் குடை தருவார். மஞ்சள்காரர் ஷட்டருக்குச் சும்மாவே பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்றார். பச்சைக்காரரும் அதையே சொன்னார். யார் மனதையும் நோகடிக்காத பாய் ஷட்டரின் மேல் பாதியை ஒருவருக்கும் கீழ்ப் பாதியை இன்னொருவருக்கும் கொடுத்துவிட்டார். ஷட்டரைத் தூக்கும்போது யார் முதலில் சுருண்டு போகிறார் என்று இரண்டு ரெப்புகளுக்கும் சண்டை.

மூன்றாவதாக வந்ததுதான் முரளியின் கம்பெனி. லேட்டாக வந்ததால் கடிகாரம், குடை எல்லாவற்றையும் தாண்டி நேரே மெஷினுக்கே போய்விட்டார்கள்.

2. மிச்ச பிரேம்

இந்த வழக்கம் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு ரோலில் முப்பத்தாறு படம், ஒவ்வொன்றும் ஒரு பிரேம். வீட்டுக்காரர்கள் அதைச் சிக்கனமாகத்தான் எடுப்பார்கள். எங்கள் மாதா கோவில் தெரு டீச்சர் ஒருவர் கிறிஸ்துமஸுக்குப் போட்ட ரோலை ஈஸ்டர் கழித்துத்தான் கொண்டுவருவார். அப்போதும் முடிந்திருக்காது.

கவுண்டரில் கேமராவை வைத்ததும் ஜெசிந்தா கேட்கும் முதல் கேள்வி, “ரோல் முடிஞ்சிருச்சா? மிச்சம் எத்தன இருக்கு?”

“இன்னும் ரெண்டு இருக்கும்மா.”

“வீணா கழுவக் குடுத்துராதீங்க. அந்தா பாய் இருக்காரு, எடுத்துக்கிருங்க.”

பாய் உடனே தலையைச் சீவிக்கொண்டு, கையை மேஜையில் ஊன்றி, லேசாகச் சிரித்து நிற்பார். சிறுமலையிலிருந்து வந்த ஒருவர் மிச்சமிருந்த நாலு பிரேமிலும் பாயையே எடுத்தார், ஒவ்வொன்றிலும் தான் கொண்டுவந்த வேறு வேறு வாழைப்பழச் சீப்போடு. இப்படியே திண்டுக்கல்லில் பாதி வீட்டு ஆல்பங்களில் கடைசிப் படம் எங்கள் பாய்தான். ஒரு தடவை பெண் பார்க்கப் போன வீட்டில் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, “இவரு உங்களுக்கு எந்த வழிச் சொந்தம்? எங்க வீட்டு ஆல்பத்துலயும் இருக்காரே!” என்று கேட்டார்களாம். பாய் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார். “எல்லா வீட்டுக்கும் நான் கடைசிப் பந்திடா” என்பார்.

3. கையெழுத்து

அக்ரிமென்டுக்கு வருவோம். பாய்க்கு அரை மனதுதான். மதுரையில் ஏதோ ரோல் இல்லாத கேமரா வந்திருக்கிறதாமே என்று நான் அவர் காதில் போட்டிருந்தேன். அதை முரளியிடமே கேட்டுவிட்டார்.

“ஏனுங்க பாய், அதெல்லாம் பெரிய ஊரு விளையாட்டுங்க” என்றார் முரளி. “நம்ம பக்கம் வர இன்னும் இருவது வருசம் ஆகுமுங்க. தைரியமா போடுங்க.”

அப்போதுதான் பாய் அந்தக் கல்யாணப் பேச்சைப் பேசி மூடியைக் கழற்றினார். அந்த வீட்டில் அவருடைய இரண்டு பெண்கள் இருந்தார்கள். இந்த லேபை நம்பி நாங்கள் ஆறு பேர் இருந்தோம்.

“ஒரு நிமிசமுங்க பாய்” என்று முரளி கையைத் தூக்கினார். “பேனாவோட அப்படியே இருங்க. ஹெட் ஆபீஸுக்கு ஒரு போட்டோ அனுப்போணும்.”

பையைத் திறந்து சோப்புப் பெட்டி அளவில் ஒரு வெள்ளிக் கலர் கேமராவை எடுத்தார். பாய் பழக்க தோஷத்தில் தலையைச் சீவி, கையை ஊன்றி, சிரித்தார். டிக் என்று ஒரு சத்தம். இன்னொன்று. இன்னொன்று.

மூன்றாவது படத்தில் பாய் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: “மிச்சம் எத்தன இருக்கு தம்பி?”

“இதுல மிச்சம்னு ஒண்ணு இல்லீங்க பாய். எடுத்துட்டே இருக்கலாம். வேண்டாததை அழிச்சுக்கலாமுங்க.”

“ரோலு எங்க சார் போடுவீக?” என்று ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்.

“ரோலே இல்லீங்க. ரோல்ல எடுத்துக் கழுவி அனுப்புனா நாலு நாள் ஆயிருமுங்க. இதுன்னா சாயங்காலமே மெயில்ல...”

தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அங்கேயே முரளிக்குப் புரிந்துவிட்டது. கேமராவைக் கீழே இறக்கினார். ஷட்டர் பக்கம் யாரோ கேமராவோடு வந்து நின்றார்கள். யாரும் திரும்பவில்லை.

“கம்பெனி குடுத்ததா, தம்பி, நீங்க வாங்குனதா?” என்றார் பாய், ரொம்ப மெதுவாக.

“கம்பெனி குடுத்ததுங்க. எல்லா ரெப்புக்கும்.”

அதற்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். இருபது வருஷம் ஆகவில்லை, நாலைந்து வருஷத்தில் கவுண்டர் காலி. நாங்கள் அண்ணாந்து பார்த்த கம்பெனிகள் சுருங்கின. வேறு சரக்குக்கு மாறியவை பிழைத்தன. முரளியின் கம்பெனி ரோல் தயாரிப்பதையே நிறுத்தியது. வீட்டை வைத்து மெஷின் எடுத்த வேறு ஊர் லேப்காரர்கள் சிலரை எனக்குத் தெரியும், அதைப் பற்றி எழுதக் கை வரவில்லை. நான் இன்றைக்கும் அதே கடையில் கம்ப்யூட்டரில் ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருக்கிறேன். தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்டால் ஒன்று சொல்வேன்: உன்னிடம் ஒரு பொருளை விற்க வருகிறவர் தன் வேலைக்கு எதை வைத்திருக்கிறார் என்று அவர் பையை ஒரு தடவை பார்த்துக்கொள். இதை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. அன்றைக்கு அந்த மேஜையில் பார்த்தேன்.

பாய் கோபப்படவில்லை. கையெழுத்துப் போடாமலே, முரளி தந்த பேனாவை மூடி அவர் சட்டைப் பையிலேயே செருகினார். மஞ்சள் பையை எடுத்துத் தன் நாற்காலிக்கு அடியில் வைத்துக் காலால் உள்ளே தள்ளினார்.

“ஜெசிந்தா, நாலு பிரியாணி சொல்லு. ஏலே சேவியரு, மெஷின ஸ்டாண்ட்பைல போட்டுட்டு இங்க வா. தம்பிக்குச் சாயங்காலந்தான் பஸ்ஸு. அதுவரைக்கும் இந்தக் கேமராவ எப்படி அமுக்குறதுன்னு நமக்குச் சொல்லித் தரட்டும்.”

பிறகு அந்தச் சின்ன கேமராவை வாங்கி, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மேஜைக்கு இந்தப் பக்கம், படம் எடுக்கிறவர் நிற்கும் பக்கம் வந்து நின்று, “தம்பி, செத்த சிரிங்க” என்று முரளியை ஒரு படம் எடுத்தார்.