புதிய பதிப்பு வந்ததும் நான் அடித்த வெள்ளை

என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர். இந்தப் பெயரைச் சொல்லிப் பழகுவதற்குள் என் நாக்கு சுளுக்கிக்கொண்டது. இன்றைக்குக் கோவில்பட்டியில் இதை என்னளவுக்கு விளக்கிச் சொல்லக்கூடிய இன்னொரு கடலை மிட்டாய்க்காரர் இருந்தால் கூட்டி வாருங்கள், பார்ப்போம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் சைக்கிளை நிறுத்தி மிட்டாய் விற்றவன். இப்போது எனக்கு மூன்று யூனிட். எல்லாம் இந்த ஒரு மண்டையை வைத்துக் கட்டியது.

வளைகுடா நாட்டிலிருந்து பெரிய கடைக்காரர்கள் சிலர் எங்களைத் தேடி வந்தார்கள். ருசி பார்த்தார்கள், பிடித்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். ஏதாவது ஒரு பாக்கெட்டைக் கையில் எடுப்பார்கள். இதிலிருக்கும் கடலை எந்த ஊர், எந்த மூட்டை என்று கேட்பார்கள். நின்ற இடத்தில் நாங்கள் பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஆர்டர் கிடையாது. என் மிட்டாய் கப்பலேற வேண்டும் என்பது எனக்கு எத்தனையோ காலத்து ஆசை. விடுவேனா?

சிக்கல் என்னவென்றால், மூன்று யூனிட்டிலும் மூன்று விதமான கம்ப்யூட்டர் புரோகிராம். ஒன்றில் இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. பெங்களூர் வேலையை விட்டுவிட்டு என்னோடு சேர்ந்திருந்த என் மகள்தான் வழி சொன்னாள்.

"அப்பா, புதுசா இன்னொரு புரோகிராம் வாங்குனா இது தீராது. முதல்ல மொத்தக் கம்பெனியையும் படமா வரையணும். அதுக்குன்னு ஒரு முறை இருக்கு, என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்னு பேரு."

"கம்பெனி பூரா என் மண்டைக்குள்ள இருக்கு. படம் எதுக்குட்டி?"

"அதான் பிரச்சினையே. உங்க மண்டைய ஏத்துமதி பண்ண முடியாதுல்லா."

குடோனின் நீளச் சுவரில் கலர் சாக்பீஸால் வரைய ஆரம்பித்தாள். நான்கு அடுக்கு. மேலே தொழில்: யார் என்ன செய்கிறார்கள். அதற்குக் கீழே தகவல்: எது எங்கே பதிவாகிறது. அப்புறம் புரோகிராம்கள். அடியில் கம்ப்யூட்டர், பிரிண்டர், வயர். இடது பக்கம் இன்றைக்கு இருக்கும் கம்பெனி, வலது பக்கம் நாளைக்கு வேண்டிய கம்பெனி. நடுவே இருப்பதுதான் பள்ளம். எந்தப் பள்ளத்தை முதலில் தூர்ப்பது என்று முடிவு செய்வதுதான் மொத்த வித்தையும். எனக்குப் புல்லரித்துவிட்டது.

"இந்த முறைய யாருட்டி எழுதுனது?"

"பல நாட்டுக் கம்பெனிக்காரங்க கூடி எழுதுனது. பிரேம்வொர்க்னு சொல்லுவாவ."

"என்னைய ஒரு வார்த்தை கேக்காம எழுதிட்டானுவளே!"

அந்தக் கடைக்காரர்களின் அதிகாரி எங்களைச் சோதிக்க வருவதற்கு முந்தின நாள் மகள் ஒரு வேலையாக மதுரைக்கு ரயிலேறினாள். கிளம்பும்போது யாருடனோ போனில் பேசினாள். "அந்த பிரேம்வொர்க்குக்குப் புது எடிஷன் வந்துட்டுல்லா, பாத்தியா?" என்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

நாங்கள் பஞ்சாங்கம் பார்க்காமல் புது அடுப்புக்கூடப் பற்றவைக்காத குடும்பம். சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வந்தபின் போன வருடத்தது வெறும் காகிதம். அதைப் பார்த்து நாள் குறிப்பவனைப் பார்த்து ஊரே சிரிக்கும். நாளைக்குப் படித்த அதிகாரி வந்து, பழைய எடிஷன் படத்தை என் சுவரில் பார்த்தால் என் மானம் என்னாவது? உடனே வெள்ளையடிக்கிறவரை வரச் சொன்னேன்.

அவர் தயங்கினார். "அண்ணாச்சி, மக கிட்டக் கேட்டீங்களா?"

"சுவரு என்னுதுடே. அடி."

மத்தியானத்துக்குள் சுவர் பால் போல ஆகிவிட்டது. சாயங்காலம் திரும்பி வந்த மகள் அதன் முன்னால் நின்றாள்.

"அப்பா, படம் எங்க?"

"பழசு, அழிச்சாச்சு. நீ புது எடிஷனப் போடு."

அவள் ஒரு கடலை மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாளா, சிரிக்கப்போகிறாளா என்று தெரியவில்லை. "இது என்ன பஞ்சாங்கமாப்பா? புதுசு வந்தா பழசத் தூக்கிப் போடதுக்கு?"

"பின்ன என்ன மாறிச்சு? அதச் சொல்லு."

சொன்னாள். முன்பு எல்லாவற்றையும் ஒரே தடிப் புத்தகமாகப் போட்டிருந்தார்களாம். புதுப் பதிப்பில், எளிதில் மாறாத அடிப்படைகளை ஒரு பக்கமாகத் தனியே எடுத்து வைத்துவிட்டார்கள். காலத்துக்கு ஏற்ப மாறுகிற செய்முறைகளைத் தனித்தனி வழிகாட்டிகளாக ஆக்கிவிட்டார்கள். வழிகாட்டியை மாற்ற அடிப்படையைத் தொட வேண்டியதில்லை. உனக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள் என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறதாம்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "அட, பாகுப் பதம் என்னைக்கும் மாறாது, கவர் வருசா வருசம் மாறும். அப்படித்தான?"

"அதேதான்ப்பா."

"அப்ப இந்த முறைய நான்..."

"நீங்கதான் கண்டுபிடிச்சதுன்னு மட்டும் நாளைக்கு அவிய கிட்டச் சொல்லிறாதீங்க. படத்துல பாதிதான் என் கம்ப்யூட்டர்ல இருக்கு. மிச்சத்துக்கு என்ன செய்ய?"

"நான் சொல்லுதேன், நீ வரை."

சுவருக்கு முன்னால் நடந்துகொண்டே சொன்னேன். "புதூர்லருந்தும் நாகலாபுரத்துலருந்தும் மூட்டை வருது. இங்கன இறக்கி நம்பர் போடுதோம். உடைச்சு, பருப்பத் தொட்டியில கொட்டிக் கலக்குதோம். பொறவு வறுக்க..."

சாக்பீஸ் நின்றது. "கலக்குதோமா?"

"பின்ன? ஒரு ஊருப் பருப்பு பெருசு, இன்னொண்ணு பொடிசு. கலந்தாத்தான் மிட்டாய் ஒரே சீரா வரும்."

"இத ஏம்ப்பா முன்னாடியே சொல்லல?"

"நீ கேக்கலியே."

அழிந்துபோன படத்தில் அந்த இடத்தை ஒரு நேர்கோடு தாண்டிப் போயிருந்தது. உண்மையில் மூட்டை நம்பர் அந்தத் தொட்டியிலேயே செத்துவிடுகிறது. எந்தப் புரோகிராம் வந்தாலும் அதற்கப்புறம் ஊரைச் சொல்ல முடியாது. மகள் அங்கே சிவப்பில் பெரிய வட்டம் போட்டாள். "விடிஞ்சா அவிய வந்துருவாவ. கலக்காம இருக்க முடியுமாப்பா?"

"மிட்டாய் சீரா வராது. கலக்கத்தான் வேணும்."

மகள் சிவப்பு வட்டத்துக்குள் ஒரு தொட்டியை வரைந்தாள். திடீரென்று கத்தினாள். "கலக்கட்டும்! ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு நம்பர் போட்டா? எந்தெந்த மூட்டை உள்ள போச்சோ, அத்தனையும் அந்த நம்பருக்குக் கீழ. அதே நம்பர் பாக்கெட் வரைக்கும் போகட்டும்!"

மறுநாள் முதல் யூனிட்டில் காலைத் தொட்டியிலிருந்தே அதை ஆரம்பித்தோம். பாக்கெட் சூடு ஆறுவதற்குள் அதிகாரி அம்மா வந்துவிட்டார். நல்ல தமிழ் பேசினார். நேராக அலமாரிக்குப் போய் ஒரு பாக்கெட்டை எடுத்தார். அது பழைய சரக்கு, தொட்டி நம்பர் இல்லாதது.

"இது தெரியாது மேடம்," என்றாள் மகள். சுவரிலிருந்த சிவப்பு வட்டத்தைக் காட்டினாள். "நேத்து வரைக்கும் இந்த இடத்துல நம்பர் தொலைஞ்சுது."

என்னால் வாயை அடக்க முடியவில்லை. "இன்னைக்குக் காலையில ஒரு யூனிட்ல அந்தப் பள்ளத்தத் தூத்துட்டோம் மேடம். புதுசா வந்த பாக்கெட்ட எடுத்துக் கேளுங்க!"

எடுத்தார். மகள் நம்பரைத் தட்டினாள். புதூர், நாகலாபுரம், எந்தெந்த மூட்டை, என்றைக்கு இறங்கியது, எல்லாம் திரையில் வந்து நின்றது. அந்த அம்மா அதைப் படித்தார். சுவரையும் இன்னொரு தடவை பார்த்தார். "போகிற இடத்தில் எல்லாம் ஓட்டையே இல்லாத படத்தைத்தான் காட்டுகிறார்கள். ஓட்டையை வட்டம் போட்டுக் காட்டியது நீங்கள்தான்," என்றார். முதல் யூனிட்டுக்கு ஆர்டர் கொடுத்தார். மற்ற இரண்டிலும் தொட்டி நம்பர் ஓடட்டும், அப்புறம் அவற்றுக்கும் தருகிறேன் என்றார்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கிளம்பிய முதல் லாரியின் முன்சீட்டில் நான் ஏறி உட்கார்ந்தேன். மகள் ஓடி வந்தாள்.

"அப்பா, எங்க போறீங்க? மிட்டாயத்தான் கப்பல்ல ஏத்துவாவ, உங்கள ஏத்த மாட்டாவ."

"ஏத்துனா வேண்டாம்னா சொல்லப்போறேன்? நீ போயி ரெண்டாவது யூனிட் தொட்டியப் பாருட்டி. டிரைவர் தம்பி, வண்டிய எடு!"