பெட்டிக்குள் படுத்த ராணி

1. வெள்ளை

மதுக்கரையில் பார்லர் வைத்து, மணப்பெண்களுக்கு மேக்கப் போடுவது என் தொழில். "கொஞ்சம் வெள்ளையாக் காட்டுங்க" என்று சொல்லாத பெண்வீட்டாரை நான் பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, பெண்ணின் நிறத்துக்குத்தான் பேஸ் கிரீம் போடுவேன். அப்படிப்பட்ட என்னிடம் போன வருஷம் ஒரு பெண் வந்து, "உயிரே இல்லாத மாதிரி வெள்ளை வேணுங்க்கா" என்று கேட்டாள்.

பெயர் ஜெனி. ஐ.டி. கம்பெனியில் வேலை. லீவு நாளில் காஸ்ப்ளே, அதாவது கதைகளில் வருகிறவர்களைப் போல உடுத்திப் படம் எடுத்துக்கொள்வது. இந்த முறை கதையும் அவளே யோசித்தது. கல்லறைப் பெட்டியிலிருந்து எழுந்து வரும் ராணி. முதல் படத்தில் கண்மூடிப் படுத்திருப்பாள். கடைசிப் படத்தில் வெளியே நிற்பாள்.

"ஏன் கண்ணு, வேற வேஷமே கிடைக்கலியா?" என்றேன்.

"என் கூடப் பொறந்த ஸ்டெல்லா அக்கா, கல்யாணம் ஆகாமயே செத்துப் போயிருச்சுங்க. எங்க ஊட்டு வழக்கப்படி கல்யாண கவுன் போட்டு, கிரீடம் வெச்சுப் பெட்டில படுக்க வெச்சாங்க. எனக்குள்ள அது இன்னும் படுத்தேதான் இருக்குதுங்க்கா. ஒருக்காவாச்சும் எந்திரிச்சு வரோணும்."

அதற்குமேல் என்ன கேட்பது? அம்மாவுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன்.

"கவுன் தைக்கிறதே அம்மாதானுங்க. பெட்டி விஷயம் சொல்லல. எந்திரிச்சு நிக்கிற படத்தைக் காமிச்சாப் புரிஞ்சுக்குவாங்க."

2. சாமான்கள்

அவள் அம்மா மேரியக்கா, சர்ச்சில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு வெள்ளை கவுன் தைக்கிறவர். கருப்பு சாட்டின் துணி அவர் கைக்குப் புதிது. ஆனாலும் கழுத்து லேஸும் கை நெட்டும் அவ்வளவு சுத்தமாக வந்திருந்தன. பாவாடை விரிந்து நிற்க உள்ளே கம்பி வளையம். கிரீடம் வெறும் ஃபோம் ஷீட். பெயிண்ட் அடித்ததும் இரும்பேதான். பெட்டிக்குத்தான் அலைச்சல். சவப்பெட்டிக் கடைக்காரர், "ஆள் இல்லாமப் பெட்டி குடுக்கறதில்லீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். போட்டோகிராபர் பிரபு, கல்யாண மேடை போடும் ஆசாரியிடம் சொல்லிப் பிளைவுட்டில் செய்தான். புகை மெஷினும் கல்யாண சாமான்தான். ரிசப்ஷனில் மாப்பிள்ளையும் பெண்ணும் நுழையும்போது விடுகிற அதே புகை.

3. சுண்ணாம்பு குடோன்

மூடிக் கிடந்த ஒரு சுண்ணாம்பு குடோனில் ஷூட். புருவத்தைப் பசை வைத்து அமுக்கி மறைத்தேன். கன்னத்துக்குக் கீழே சாம்பல் நிறம், நெற்றியில் மெல்லிய பிரஷ்ஷால் நீல நரம்பு, உதட்டுக்குக் கருமெரூன். ஜெனி கண்ணை மூடினாள். வேலை நன்றாக வந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவளைப் பெட்டிக்குள் படுக்க வைத்தோம். பிரபு ஏணியில் ஏறி, மேலிருந்து முதல் படத்தை எடுத்தான்.

அப்போதுதான் மேரியக்கா உள்ளே வந்தார். கவுனில் ஒரு கொக்கி லூஸாக இருந்தது ஞாபகம் வந்து, ஊசி நூலோடு ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

அவர் அழவில்லை. பெட்டியையே பார்த்தபடி என்னிடம், "ஏனுங்க, இவள யாருங்க படுக்க வெச்சது?" என்று கேட்டார்.

குரல் கேட்டு ஜெனி எழப் பார்த்தாள். கம்பி வளையம் பெட்டிப் பலகையில் சிக்கிக்கொண்டது. "அம்மா, எந்திரிக்க முடியலம்மா" என்றாள்.

நான் நகர்வதற்குள் மேரியக்கா பெட்டியருகே போய்விட்டார். பெட்டிக்குள் குனிந்து மகளின் இரண்டு கையையும் பிடித்தார். "எந்திரி கண்ணு. எந்திரிச்சுப்போடு." லேஸ் கிழிய, வளையம் நெளிய, இழுத்து நிறுத்தினார். மேலே கேமரா சத்தம் கேட்டது. பிரபுவை ஓர் அறை விடலாமா என்று அப்போது எனக்குக் கோபம் வந்தது உண்மை.

மேரியக்கா முந்தானையால் மகளின் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தார். காலை முழுக்க நான் போட்ட வெள்ளை எல்லாம் அந்தச் சேலைக்குப் போயிற்று. அவர் துடைக்கத் துடைக்க, ஜெனியின் மாநிறக் கன்னம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. நான் தடுக்கவில்லை.

"பெரியவளையும் இப்படித்தானுங்க கையப் புடிச்சு இழுத்தேன். அவ வரல" என்றார் என்னைப் பார்த்து. அதன்பிறகுதான் அழுதார். ஜெனியும் நானும் சேர்ந்து அழுதோம்.

மீதிப் படங்களை எடுக்கவில்லை. அடுத்த வாரம் பிரபு ஸ்டுடியோவில் அந்த இரண்டாவது படத்தை எனக்கும் ஜெனிக்கும் திறந்து காட்டினான். கருப்பு ராணி பெட்டியிலிருந்து எழுகிறாள். பக்கத்தில் நூல்சேலை கட்டிய மேரியக்கா. "அம்மாவை எடிட்டிங்ல எடுத்துரட்டுமா? காஸ்ட்யூமோட ஒட்டல" என்றான்.

"அம்மாவ எடுத்துட்டா அந்த ராணி எப்படீங்ணா எந்திரிப்பா?" என்றாள் ஜெனி. படம் அப்படியே பிரிண்ட் போனது.

என்னிடம் தொழில் படிக்க வரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது பிரஷ் பிடிப்பதைப் பற்றி அல்ல. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகம் அவளுக்கு மட்டும் சொந்தமில்லை. அதைப் பார்க்கப்போவது யார், அவர்கள் ஏற்கெனவே எதைப் பார்த்தவர்கள் என்று கேட்டுவிட்டு, அப்புறம் பேஸைத் தொடுங்கள்.