இல்லாத குழுவின் அனுமதி

என் அக்காவுக்கு நகராட்சி அலுவலகத்தில் 'வெடி' என்று பட்டப்பெயர். அவள் முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் காதில்தான் விழும். அவள் நகரமைப்பு அலுவலர். பழைய கடைத்தெருவைப் பாதுகாக்கும் திட்டம் தயாரானால்தான் மேலிடத்து நிதி வரும் என்றானதும், நகராட்சித் தலைவர் அவளை விட்டுவிட்டு வெளியிலிருந்து ஓர் ஆலோசகரைப் பிடித்தார். அந்த மனிதர் தலைநகரின் திட்டத்தை எடுத்து, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டார்.

என் கடைக்குத்தான் பிரதி எடுக்க வந்தது. எங்கள் ஊரில் மெட்ரோ ரயில் ஓடுவதாக ஒரு பக்கத்தில் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை.

"மெட்ரோ கெடக்கட்டும்டி. பழைய வீட்டுல ஒரு செங்கல்லத் தொடணும்னாலும் நிபுணர் குழு ஒத்துக்கணுமாம். தலைநகர்ல குழு இருக்கு. இங்க யாரு இருக்கா? நானும் ஒரு இன்ஜினியரும். அவரும் பாதி நாள் தண்ணிக் குழாய் பின்னாடி ஓடுறாரு."

தலைவரிடமும் இதையே சொன்னாள். "மொதல்ல பாஸ் பண்ணுவோம்மா, குழுவ அப்புறம் போட்டுக்கலாம்" என்றார். மன்றத்தில் திட்டம் நிறைவேறியது. குழு வரவேயில்லை.

கடைத்தெருவில் ஒரு தையல்காரர் வீட்டுச் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. பிரித்துக் கட்ட அனுமதி கேட்டார். அக்கா நேரில் பார்த்துவிட்டு, உடனே கட்டவேண்டும் என்று எழுதினாள். குழு பார்க்காமல் முடியாது என்று தலைவர் திருப்பி அனுப்பினார். மறுபடி எழுதினாள், மறுபடி திரும்பியது. மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் சுவர் உள்பக்கம் சரிந்து, தையல்காரரின் காலை நசுக்கிவிட்டது.

அதோடு விட்டார்களா? பழமையான சுவரைப் பராமரிக்கத் தவறியதற்கு விளக்கம் கேட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே நோட்டீஸ் போனது.

அடுத்த மன்றக் கூட்டத்தில் பார்வையாளர் வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். அக்கா எழுந்தாள்.

"கட்ட விடாம தடுத்தது நாம. நோட்டீஸ் அவருக்கா?"

"வார்த்தைய அளந்து பேசும்மா. அந்தத் தெரு நம்ம ஊரோட பெருமை" என்றார் தலைவர்.

"அந்தப் பெருமைக்குள்ள ஆளுங்க குடியிருக்காங்க சார்! எல்லாரும் மண்ணுக்குள்ள போனப்புறம் யாருக்குக் காட்டப் போறீங்க?"

தான் மாற்றி எழுதிய விதிகளை அவர் மேஜைமேல் போட்டாள். ஆபத்தான சுவரை இன்ஜினியரும் நகரமைப்பு அலுவலரும் பார்த்த அன்றே வேலை தொடங்கலாம். தெருவைப் பார்த்த முகப்பு பழையபடியே இருக்கவேண்டும். பழைய செங்கல்லையே திரும்ப வைக்கவேண்டும். உள்ளே சமையலறையும் கழிப்பறையும் வீட்டுக்காரர் வசதிப்படி. அந்தத் தெருப் பெண் உறுப்பினர் முதலில் கையைத் தூக்கினார். பத்திரிகைக்காரர்கள் இருந்ததால் கடைசியில் தலைவரும் தூக்கினார்.

நோட்டீசை ரத்து செய்தார்கள். அக்காவையும் வரிப் பிரிவுக்குத் தூக்கியடித்தார்கள்.

"கொஞ்சம் மெதுவா பேசியிருக்கலாம்" என்றார் அத்தான்.

"மெதுவாத்தான எழுதி எழுதி அனுப்புனேன்? எவன் கேட்டான்?"

தையல்காரரைப் பார்க்க என்னையும் கூட்டிப்போனாள். அவர் மனைவி வாசலிலேயே நிறுத்தினார். "சட்டத்த மாத்திட்டீங்களாமே. அவரு கால என்ன பண்ணப் போறீங்க?"

வந்த வழியே படியிறங்கினோம். திரும்பும்போது, இரண்டு வீடு தள்ளி ஒரு கொத்தனார் விரிசல் சுவரைப் பிரித்து, செங்கல்லை வண்டியில் வீசிக்கொண்டிருந்தார்.

"யோவ், அத எறியாத! திரும்ப வைக்கணும்!"

"நீங்க யாரும்மா?"

"வரி வசூல்!" என்று கத்திவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு செங்கற்களை இறக்க ஆரம்பித்தாள்.