மஜீத் பாயின் உள்ளங்கை

பந்திக்கு முந்து என்று சொல்லிவைத்தவர், முந்த முடியாதவன் என்ன செய்வான் என்று சொல்லாமலே போய்விட்டார். கோயமுத்தூர்ப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் அவன் நேராகப் போய், சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் நிற்பான். ரசத்துக்கு வந்தாயிற்றா, மோருக்கு வந்தாயிற்றா என்று அவர் இலையையே பார்த்துக்கொண்டிருப்பான். பிடரியில் அடுத்தவன் மூச்சுக்காற்று பட்டுக்கொண்டிருக்க, பாயசம் எந்த மனுஷனுக்குத் தொண்டையில் இறங்கும்?

இந்த அவஸ்தைக்கு மருந்தாகத்தான் சமையல் காண்ட்ராக்டர் தங்கராஜ், அப்துல் மஜீதைக் கண்டுபிடித்தார். அதுவரை மஜீத் டவுன்ஹால் நடைபாதையில் பேனா விற்றுக்கொண்டிருந்தார். பேனாவை விரலிடுக்கிலேயே மறைத்து, எதிரே நிற்பவரின் காதுக்குப் பின்னாலிருந்து எடுப்பார். கூட்டத்துக்குக் குறைவில்லை, பேனாதான் விற்கவில்லை. ஒருநாள் நின்று பார்த்த தங்கராஜ், இந்தக் கூட்டத்தை அப்படியே என் பந்தி வாசலில் நிறுத்தித் தர முடியுமா என்று கேட்டார். தொண்ணூற்றொன்றில் மஜீத் பாயின் தொழில் அப்படித்தான் தொடங்கியது.

மேடை இல்லை, மந்திரக்கோல் இல்லை, பெட்டிக்குள் ஆளைப் படுக்கவைத்து அறுக்கிற ஆர்ப்பாட்டமெல்லாம் இல்லை. முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை, ஒரு சீட்டுக்கட்டு, சில நாணயங்கள், அவ்வளவுதான். சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நின்று, காத்திருப்பவர்களின் மூக்குக்கு முன்னாலேயே வித்தை காட்டுவார். பசியோடு இருப்பவனைச் சிரிக்க வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மஜீத்துக்கு அது கைவந்திருந்தது. பொள்ளாச்சி, உடுமலை, கோபி என்று முகூர்த்த நாளெல்லாம் பஸ்ஸில்தான் கழிந்தது.

அவருடைய பெரிய வித்தை மோதிரம். கூட்டத்தில் ஒருவரிடம் மோதிரத்தை வாங்கி, இடது கையில் வைத்து மூடி, ஊதித் திறப்பார். கை காலியாக இருக்கும். கொடுத்தவர் முகம் வெளிறும், மற்றவர்கள் சிரிப்பார்கள். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, மடித்த வெற்றிலைக்குள்ளிருந்து மோதிரத்தை எடுத்துக் கொடுப்பார். போனதற்கும் வந்ததற்கும் நடுவில் விடுகிற அந்த இடைவெளிக்குத்தான் கைதட்டல் என்பார்.

அந்த இடைவெளியில்தான் ஒருநாள் அவர் விழுந்தார்.

தொண்ணூற்று நாலில் கோபிசெட்டிபாளையத்துக்கு வெளியே ஒரு நிச்சயதார்த்தம். பெண் பத்மாவதி, மாப்பிள்ளை உடுமலைப்பேட்டைத் தோப்புக்காரர் மகன். தட்டு மாற்றி, மோதிரம் போட்டு முடிந்து, பந்திக்குக் கூட்டம் சேர்ந்தது. மோதிரம் வேண்டும் என்று மஜீத் கேட்டதும், சிநேகிதர்கள் தூண்டிவிட, மாப்பிள்ளையே தன் விரலில் கிடந்ததைக் கழற்றி நீட்டினார். வேறு யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். வித்தைக்காரன் கண்ணே வேறு. மஜீத் பார்த்ததெல்லாம், மோதிரம் புதிது, பளபளவென்று கடைசி ஆள் வரைக்கும் தெரியும் என்பதைத்தான். அது யார் போட்ட மோதிரம், போட்டு எவ்வளவு நேரமாயிற்று என்பது அந்தக் கண்ணில் படவில்லை.

ஊதினார், திறந்தார். காலிக் கையைப் பார்த்ததும், சுவரோரமாக வெள்ளைச் சேலையில் நின்றிருந்த ஒரு அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளையை எடுத்து வளர்த்த அத்தை, அவர் அப்பாவின் தங்கை பழனியாத்தாள். நிச்சயத்து மோதிரம் போச்சே என்று அவர் முனகியது கூடம் முழுக்கக் கேட்டது.  மஜீத் வெற்றிலையெல்லாம் மறந்து, மோதிரத்தை அவசரமாக மாப்பிள்ளை கையில் திணித்தார். திரும்பி வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. போனதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்துத் தங்கராஜ் வந்து சேதி சொன்னார். உடுமலைக்காரர்கள் கல்யாணத்தை இப்போதைக்கு வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். அத்தையின் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி, கோபியில் பத்மாவதியை ராசியில்லாதவள் என்று பேச ஆரம்பித்திருந்தார்கள்.

மஜீத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. விளையாட்டுக் காட்டப் போய் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டோமே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி சித்திகா தட்டை எடுத்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அந்தப் புள்ள என்னங்க பாவம் செஞ்சுது? நீங்க போகோணும். நேர்ல போய்ச் சொல்லோணும்."

சொன்னால் நம்புவார்களா என்பதுதான் மஜீத்தின் கவலை. வித்தைக்காரன் வாய்ச்சொல்லை எவன் நம்புவான்? நம்ப வைக்க ஒரே வழி, செய்துகாட்டுவது. வித்தையை ஒருமுறை அவிழ்த்துக் காட்டிவிட்டால், உடுமலைப் பக்கம் மோதிர வித்தையை மறந்துவிட வேண்டியதுதான். போனால் போகட்டும் என்று பஸ் ஏறினார்.

தோப்பு வீட்டில் மாப்பிள்ளையின் அப்பா கொப்பரை உலர்த்திக்கொண்டிருந்தார். வந்தவரை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார், முகம் மட்டும் கொடுக்கவில்லை. பழனியாத்தாள் வாசல் நிலையோடு நின்றுகொண்டார். மஜீத் தன் விரலில் இருந்த வெள்ளி மோதிரத்தைக் கழற்றினார். பிறகு, இத்தனை வருஷத்தில் யாரையும் உட்காரவிடாத இடத்தில், தன் வலது தோளுக்குப் பின்னால், ஒரு ஸ்டூலைப் போட்டு அந்த அம்மாளை உட்காரச் சொன்னார். அங்கிருந்து பார்த்தால் வித்தை இல்லை, உள்ளங்கைதான் தெரியும்.

"அம்மா, அன்னிக்கு மோதிரம் எங்கயும் போகலீங்க. என்ற கையிலயேதான் இருந்துச்சு. நீங்களே பாருங்க."

மெதுவாகச் செய்தார். வலது கை இடது கையில் மோதிரத்தை வைப்பது போலப் போனது. வைக்கவில்லை. கட்டைவிரல் மேட்டுச் சதையில் மோதிரம் இடுங்கிக்கொண்டு அங்கேயே இருந்தது. ஊதினார், இடது கையைத் திறந்தார், காலி. வலது உள்ளங்கையில் மோதிரம் அசையாமல் இருந்தது. எதிரே இருந்த அண்ணனுக்கு அது தெரியவில்லை, தங்கைக்குத் தெரிந்தது.

பழனியாத்தாள் இன்னொரு தரம் செய்யச் சொன்னார். பிறகு மோதிரத்தை வாங்கித் தன் கையிலேயே இடுக்கிப் பார்த்தார். அது நழுவிக் கொப்பரைக்குள் உருண்டது, அண்ணன் சிரித்துவிட்டார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ற நிச்சயத்தன்னிக்கு வெளக்கு அணைஞ்சுபோச்சுங்க பாய். வருசம் திரும்பறதுக்குள்ள அவரு போயிட்டாரு. வெளக்கு அணைஞ்சதாலதான்னு ஊரே சொல்லுச்சு. நானும் இத்தன காலமா அப்படியேதான் நெனச்சுட்டிருந்தேன். காத்துலதான் அணைஞ்சுதுன்னு, ஒருத்தராச்சும் ஊடு தேடி வந்து சொல்லியிருக்கலாமுங்க."

மஜீத் குனிந்து கொப்பரைக்குள்ளிருந்து மோதிரத்தை எடுத்துக்கொண்டார். பழனியாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, கோபிக்குப் போன் போடுங்க. தையிலயே வெச்சுப்போடலாம். அந்தப் புள்ளைய இனி ஒருத்தரும் ஒண்ணும் பேசப்படாது."

தையில் கல்யாணம் நடந்தது. பத்மாவதி அப்பாவின் கோபம் முழுசாகத் தணிந்திருக்கவில்லை. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டார் பிடிவாதம் பிடித்து மஜீத் பாயைப் பந்தி வாசலில் நிறுத்திவிட்டார்கள். சீட்டும் நாணயமும் போதும் என்று வந்தவரை, மோதிரத்தை எடுங்க பாய் என்று ஒரு குரல் விரட்டியது. மஜீத் யாரிடமும் கேட்கவில்லை, தன் வெள்ளி மோதிரத்தையே கழற்றி மூடினார், ஊதினார், திறந்தார். கூட்டம் ஒரு நொடி தயங்கியது. அன்றைய ஞாபகம் எல்லோருக்கும் இருந்தது. அப்போது முன்வரிசையிலிருந்து, மோதிரம் எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்த பழனியாத்தாள், "அட, எங்கீங்க போச்சு?" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டுவிட்டுச் சிரித்தார்.