தையல்நாயகியின் இரண்டு விரல்கள்

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு என்ன தொழில் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்?

உமாபதி யோசிக்கவே இல்லை. ஆஸ்பத்திரிப் படிவத்தில் மனைவியின் பெயருக்கு எதிரே "இல்லத்தரசி" என்று எழுதிவிட்டார். தறி அவர் பேரில், நெசவாளர் சங்கத்து அட்டையும் அவர் பேரில். பத்தொன்பது வருடமாக அந்தத் தறிக்குப் பாவு பிணைப்பவள் தையல்நாயகி என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை. பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். நெய்து முடியும் பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப்பாவின் இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்டு, வலக்கைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள்.

அந்த விரல்கள்தான் தாமாகவே வெட்டி இழுக்க ஆரம்பித்தன. சாமி குத்தம் என்றார்கள் சொந்தக்காரர்கள். மூன்று மாதம் எலுமிச்சம்பழம் சுற்றியதில் கட்டி வளர்ந்ததுதான் மிச்சம். சென்னைக்குப் போய் ஸ்கேன் எடுத்த பிறகே மூளையின் இடப்பக்கம் கட்டி இருப்பது தெரிந்தது.

டாக்டர் சுகாசினி படிவத்தைப் பார்த்தபடி சொன்னார்: "முழுசா எடுத்துடலாம்மா. வலது கை விரல் கொஞ்சம் மந்தமாகும். வீட்டு வேலைதானே, சமாளிச்சுக்கலாம்."

தையல்நாயகி கணவர் பக்கம் திரும்பினாள். "இன்னா எழுதிக் குடுத்தீங்க?"

"எப்பவும் எழுதறதுதான்."

"எப்பவும் எழுதறதா! நான் பாவு பிணைக்கலன்னா தறியில உக்காந்துக்கினு இன்னாத்த நெய்வீங்க, காத்தையா?"

படிவத்தை வாங்கி, அவர் எழுதியதை அடித்துவிட்டு "நெசவாளி" என்று எழுதினாள். "டாக்டரம்மா, எனக்கு உசுரும் வேணும், இந்த ரெண்டு வெரலும் வேணும்."

சுகாசினி படிவத்தையும் அவள் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ஆபரேஷன் நடக்கறப்ப முழிச்சிக்கிட்டே இருக்கணும். பயப்படுவீங்களா?"

"கேட்டுட்டு எடுத்தா பயமில்ல. கேக்காம எடுத்துடுவீங்களோன்னுதான் பயம்."

மூளைக்கு வலி தெரியாது. தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, மண்டையோட்டைத் திறந்து, மெல்லிய மின்சாரத்தால் இடம் இடமாகத் தொட்டுப் பார்ப்பார்கள். விரல் தடுமாறும் இடத்தில் கத்தி போகாது.

"கையை மூடித் திறங்கம்மா," என்றாள் ஆபரேஷன் மேசைக்குப் பக்கத்தில் நின்ற நர்ஸ் காயத்ரி.

"அதக் கொழந்தகூடப் பண்ணும். நூல் குடும்மா."

காயத்ரி காயத்துக்குத் தையல் போடும் பட்டு நூலில் இரண்டு துண்டு வெட்டிக் கொடுத்தாள். தையல்நாயகி தடவிப் பார்த்தாள். "இதுவாம்மா பட்டு? எங்க ஊர்ல இத வெச்சு மூட்டகூடக் கட்ட மாட்டாங்க."

முறுக்கினாள், பிரித்தாள், மீண்டும் முறுக்கினாள். திடீரென்று விரல்கள் கல்லாயின. நூல் நழுவியது.

"நிறுத்துங்க," என்றாள் காயத்ரி. சுகாசினியின் கை விலகியது. அந்த இடத்தில் பட்டாணி அளவு கட்டியை விட்டுவிட்டார். அதைக் கதிர்வீச்சு பார்த்துக்கொள்ளும் என்றார்.

ஆபரேஷனால் வந்த வீக்கம் வடியும்வரை, ஐந்து வாரம் விரல்கள் துவண்டு கிடந்தன. தையல்நாயகி தினமும் நூலை வைத்து அவற்றோடு மல்லுக்கட்டினாள். ஆறாவது வாரம் பாவு பிணைத்தாள். மறுநாள் சங்கத்துக்குப் போய், தன் பேரில் அட்டை கேட்டு விண்ணப்பம் கொடுத்தாள். உமாபதி பேனாவை நீட்டினார், நிரப்பியது அவள்.

உங்கள் கைக்கும் ஒரு படிவம் வரும். எழுதுவதற்கு முன் உங்கள் வீட்டுப் பெண்ணைக் கேளுங்கள். அவள் சொல்வதை எழுதுங்கள்.